முதல் முகாமுக்கு 31 பேர், இரண்டாவதுக்கு 118 பேர்: எங்கள் தெருவில் ஒரு செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. எங்கள் மன்றம் நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு நூறு நாற்காலி போட்டிருந்தோம், பெயர் எழுதும் நோட்டில் 17 பெயர்தான் ஏறியிருந்தது. பார்வை பரிசோதிக்க வந்த இரண்டு பெண்கள் எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அம்மா ஒரு முறை வெளியே வந்து படிக்கட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, திரும்ப உள்ளே போய்விட்டார். வாங்கி வைத்திருந்த சாம்பார் சாதப் பொட்டலங்கள் ஆறிக்கொண்டிருந்தன.

முகாம் ஒரு மணிக்கு முடிந்தபோது கணக்கு 31. இந்த 31 பேரில் எங்கள் நான்கு தெருக்காரர்கள் 9 பேர்தான். மீதி 22 பேரும் மெயின் ரோட்டில் போகிற வழியில் பேனரைப் பார்த்து ஏறி வந்தவர்கள். யாருக்காக இந்த முகாமை நடத்தினோமோ, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிற ஆயாக்களும் வலை பின்னுகிற பெரியவர்களும், அவர்களில் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. அவர்கள் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருந்தது ஐந்து நிமிட நடை.

எங்கள் தெரு வடசென்னையில் புது வண்ணாரப்பேட்டைக்கும் காசிமேட்டுக்கும் இடையில் இருக்கிறது. எங்கள் மன்றத்தில் இருபது பேர் இருக்கிறோம், பாதிப் பேர் பாரிமுனைப் பக்கம் கடைகளிலும் கூரியர் வேலையிலும் இருப்பவர்கள். அந்த பிப்ரவரி முகாமில் என்ன தப்பாகப் போனது, மே மாதம் நடந்த இரண்டாவது முகாமில் என்ன மாற்றினோம் என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். மற்ற தெருக்களில் இப்படி ஏதாவது நடத்தப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதை முழுதாக இங்கே எழுதுகிறேன். இரண்டு முகாமுக்கும் வந்தது ஒரே மருத்துவக் குழு, கையில் இருந்த பணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். செய்தியும் நாளும் இடமும் மட்டும்தான் மாறின.

முதல் முகாமுக்கு நாங்கள் செய்த விளம்பரம் குறைச்சல் இல்லை. அறுபது சுவரொட்டி ஒட்டினோம். மெயின் ரோட்டில் அனுமதி வாங்கி ஒரு பேனர் வைத்தோம். ஏரியா வாட்ஸ்அப் குழுவில் 212 பேர் இருக்கிறார்கள், அதில் மூன்று நாள் தொடர்ந்து செய்தி போட்டோம், கட்டைவிரல் நிறைய விழுந்தது. இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்றுதான் சனிக்கிழமை இரவு படுக்கப் போகும்போது நினைத்தேன்.

இப்போது அந்தச் சுவரொட்டியை எடுத்துப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேலே "மாபெரும் இலவச கண் சிகிச்சை முகாம்" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதன் கீழே நன்கொடை கொடுத்தவர்களின் படங்கள் பாதி இடத்தை எடுத்துக்கொண்டன. நாள், நேரம், இடம் மூன்றும் அடியில் ஒரே வரியில், கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கே எட்டிப் பார்த்தால்தான் படிக்க முடிகிற எழுத்தில் இருந்தன. பார்வை மங்கியவர்களுக்கான செய்தியை இப்படி அச்சடித்தது நாங்கள்தான், இதற்கு அச்சகத்துக்காரரைச் சொல்லக்கூடாது.

வாட்ஸ்அப் விஷயம் இன்னும் மோசம். அந்த 212 பேரில் ஐம்பது வயது தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். பெரியவர்களில் பலரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, இல்லையென்றால் போன் மகனிடம் இருக்கிறது, மகன் வேலையில் இருக்கிறான். ஆக, செய்தி போனது பிள்ளைகளுக்கு. அவர்கள் பார்த்தார்கள், கட்டைவிரல் போட்டார்கள், வீட்டில் அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, எனக்கே அப்படி மறந்திருக்கிறது.

அந்தச் செய்தியில் "வரும் ஞாயிறு காலை 9 மணி" என்று போட்டிருந்தோம், தேதி போடவில்லை. அது அங்கிருந்து இங்கே, இங்கிருந்து எங்கோ என்று சுற்றிக்கொண்டே போயிருக்கிறது. அடுத்த ஞாயிறு, அதாவது 23ஆம் தேதி, கொடுங்கையூரிலிருந்து மூன்று வயதானவர்கள் ஷேர் ஆட்டோ மாறி மாறி மண்டபத்துக்கு வந்து நின்றிருக்கிறார்கள். மண்டபத்தில் அன்றைக்கு ஒரு காதுகுத்து. வாட்ச்மேன்தான் எனக்குப் போன் செய்தார். நான் போவதற்குள் இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள், ஒரு அம்மா மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், மடியில் பழைய மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு. "ஞாயித்துக்கெழமன்னு போட்டிருந்துச்சேப்பா" என்றார். அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டோம்

அந்த வாரமே மூன்று பேராகப் போனோம். குறை சொல்லப் போகவில்லை, "ஏன் வரலைன்னு தெரிஞ்சா அடுத்த முறை சரியா பண்ணலாம்" என்று சொல்லிக் கேட்டோம். நான்கு தெருவிலும் நாற்பது வீடு. வந்த பதில்களை அப்படியே எழுதிக்கொண்டேன்.

பெரும்பாலானவர்கள் சொன்னது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு இது தோன்றாமல் போனதுதான் எனக்கு இன்றும் பிடிபடவில்லை. காசிமேட்டில் வாரத்தில் பெரிய வியாபாரம் ஞாயிறு காலைதான். இருட்டு விலகுவதற்கு முன்பே ஏலம் ஆரம்பித்துவிடும், ஊர் முழுக்க இருந்து மீன் வாங்க ஆள் வரும். மீன் விற்கிற பெண்கள் நடுராத்திரி தாண்டியதும் கிளம்பிப் போனால் வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். ஐஸ் உடைப்பவர், வண்டி தள்ளுபவர், மீன் வெட்டிக் கொடுப்பவர் எல்லோருக்கும் அதே கதை. வாரத்தின் பாதி வருமானம் வருகிற காலையில் வந்து கண்ணைக் காட்டு என்று கூப்பிட்டிருக்கிறோம். மருத்துவக் குழுவுக்கும் எங்கள் பசங்களுக்கும் ஞாயிறு லீவு, அதனால் ஞாயிறு. எங்கள் வசதிக்கு நாங்கள் வைத்த நாள் அது.

அடுத்தது தண்ணீர். அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் முறை. அடிபம்ப் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு எந்தப் பெண்ணும் நகர மாட்டாள். நகர்ந்தால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் இல்லை.

மண்டபம் முதல் மாடியில் இருந்தது. மூட்டு வலிக்காரர்கள் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இதை நான் நேரிலேயே பார்த்திருக்க வேண்டும், ஆனால் எல்லோரும் மேலேயே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தோம்.

நான்காவது காரணத்தை ஒரே ஒரு ஆயாதான் வெளிப்படையாகச் சொன்னார், அவர் சொன்ன பிறகு கேட்டுப் பார்த்தால் பாதி வீடுகளில் அதுதான் உள்ளே இருந்திருக்கிறது. "கண்ணுல மருந்து உட்டாங்கன்னா அன்னிக்கு பூரா ஒண்ணும் தெரியாதாமே தம்பி, மறுநாளு வியாபாரத்துக்கு யாரு போறது? அப்புறம் புடிச்சி வெச்சி ஆபரேசன் பண்ணிட்டாங்கன்னா?" என்று கேட்டார்.

அவர் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. கண்ணுக்குள் பின்பக்கம் வரை பார்க்க வேண்டுமென்றால் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள், அதன் பிறகு சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டக்கூடாது. ஆனால் அன்று மாலையோ இரவோ சரியாகிவிடும், மறுநாள் வியாபாரத்துக்குத் தடையில்லை. ஆபரேஷன் முகாமில் நடக்காது, சம்மதம் இல்லாமல் யாரும் செய்யவும் மாட்டார்கள். இந்த நான்கு வரியை எங்கள் சுவரொட்டியில் போட்டிருந்தால் போதும். அங்கே நன்கொடையாளர் படம் இருந்தது.

இன்னொரு பதில், என்னைக் கூசவைத்தது: "எந்த முகாம்? யாரும் சொல்லவே இல்லியே." இப்படிச் சொன்னவரின் வீட்டுச் சுவரிலேயே எங்கள் போஸ்டர் ஒட்டியிருந்தது.

சாவுச் செய்தி

வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த அதே வாரத்தில், புதன்கிழமை விடிகாலை, எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். நான் எழுந்து வெளியே வரும்போது மணி ஆறு. தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காசிமேட்டில் ஏலத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. எண்ணூரில் இருக்கிற அவர் தங்கச்சி வீட்டிலிருந்து ஆள் கிளம்பியாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் சுவரில் ஏறியது பத்து மணிக்குத்தான், அதற்குள் பாதிப் பேர் மாலையோடு வந்துவிட்டார்கள்.

துக்க வீட்டில் நின்றபடி இதை யோசிப்பது தப்போ என்று முதலில் தயங்கினேன். ஆனாலும் இரண்டு நாள் கழித்து நோட்டை எடுத்து, "உங்களுக்கு யார் சொல்லித் தெரியும்?" என்று தெரிந்தவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். 26 பேரிடம் கேட்டேன். போஸ்டர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் என்று மூன்று பேர், மூன்று பேரும் இளைஞர்கள். மற்ற 23 பேரும் ஒரு ஆளின் பெயரைச் சொன்னார்கள்.

அந்தப் பெயர்களை அடுக்கிப் பார்த்தால் திரும்பத் திரும்ப வந்தது ஆறு பேர்தான். பந்தல் போடுகிற அண்ணன், அவருக்குத்தான் முதல் போன் போகும், அவர் நாற்காலி ஏற்றிவர ஆள் கூப்பிடும்போதே பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். முனையில் இருக்கிற டீக்கடை அண்ணன், நாலு மணிக்குக் கடை திறப்பவர். பூக்கார அக்கா. வீடு வீடாக இட்லி கொண்டுபோகிற ஒரு அக்கா. ஆட்டோ ஸ்டாண்டில் மூத்தவர் ஒருவர். அப்புறம் மார்க்கெட்டில் கூடை வைத்து உட்காருகிற பெண்களில் ஒரு ஆயா, அவர் சொன்னால் அந்த வரிசை முழுக்கப் போய்விடும். இவர்கள் யாரும் எங்கள் மன்றத்தில் இல்லை. முதல் முகாமைப் பற்றி இவர்களில் ஒருவரிடமும் நாங்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். சாவுச் செய்தியை இவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்வதில்லை. "உங்க சின்ன மாமனாரோட கூட்டாளி", "உன் கூட படிச்சவனோட அப்பா" என்று கேட்பவருக்கு என்ன உறவோ அதைப் பிடித்துச் சொல்கிறார்கள். எப்போது எடுக்கிறார்கள், எந்த வழியாகப் போகிறார்கள் என்பதும் சேர்ந்தே வருகிறது. கேட்டவர் திரும்பக் கேள்வி கேட்க முடிகிறது, அந்த இடத்திலேயே பதிலும் கிடைக்கிறது. சுவரொட்டியிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இரண்டாவது முகாம்

மருத்துவக் குழுவிடம் திரும்பப் போய்ப் பேசுவது எளிதாக இருக்கவில்லை. ஒரு முறை ஆள் சேர்க்க முடியாதவர்களுக்கு மறுபடி எதற்கு என்று அவர்கள் நினைத்தது நியாயம். நோட்டைக் காட்டினேன். டாக்டர் அம்மா அதை முழுக்கப் படித்துவிட்டு, "சரி, எந்த நாள்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

நாளைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு மூன்று கூட்டம் ஆனது, ஒரு கூட்டத்தில் சண்டையே வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல்தான் 61 ஆனது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னுவதும் எஞ்சின் பார்ப்பதும் நடக்கும். ஃபைபர் படகுகள் போகும், ஆனால் வரத்து குறைவு, அதனால் மார்க்கெட்டில் வேலை குறைவு. தடைக்காலத்தில் வைத்தால் ஆள் இருப்பார்கள் என்று ஒரு பக்கம். கையில் பணமில்லாத நேரத்தில் ஆபரேஷன் பேச்சை எடுத்தால் பயப்படுவார்கள் என்று இன்னொரு பக்கம். இரண்டாவது பேச்சிலும் அர்த்தம் இருந்தது, ஆகவே எதற்கெல்லாம் காசு கிடையாது என்பதைத் தெளிவாகச் சொல்வது என்று முடிவானது. நாள் மே 20, செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் நிறைய வீடுகளில் கவிச்சி சமைக்க மாட்டார்கள், மீன் வியாபாரம் மந்தம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடாத நாள்தானா என்றும் விசாரித்துக்கொண்டோம். பசங்களில் ஆறு பேர் லீவு போட்டார்கள்.

இடம், அம்மன் கோயில் முன்னால் தெருவிலேயே ஷாமியானா. மே மாத வெயிலுக்கு இரண்டு பெரிய ஃபேனும் மோர்ப் பானையும். தெருவை மறிக்கவும் மைக் வைக்கவும் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்கினோம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், எங்களுக்குத் தேவைப்பட்டது காலை ஒரு மணி நேரம்தான். மண்டப வாடகையாக முதல் முறை போன பணம் இந்த முறை பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆனது.

செய்தியை அந்த ஆறு பேரிடம் கொண்டுபோனோம். வெறுமனே துண்டுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வரவில்லை. ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து, மருந்து விட்டால் எத்தனை மணி நேரம் மங்கும், ஆபரேஷன் எங்கே, எப்போது, துணைக்கு யார் வேண்டும், காசு உண்டா, கண்ணாடிக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் பேசினோம். அவர்கள் கேட்டதில் எங்களுக்குப் பதில் தெரியாதவற்றை டாக்டர் அம்மாவிடம் போனில் கேட்டுச் சொன்னோம். டீக்கடை அண்ணன் கேட்ட கேள்வி எனக்கு முன்பு தோன்றவே இல்லை: "சுகர் மாத்திரை போடறவங்க காலைல சாப்ட்டு வரலாமா, வெறும் வயிறா?" முகாமுக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம், மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம். இது தெரியாமல் எத்தனை பேர் பட்டினியாக வந்து மயங்கியிருப்பார்களோ.

ஏழாவதாக ஒருவர் சேர்ந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியதிலிருந்து சுகர், பிபி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன இல்லையா, எங்கள் பகுதியில் அதைக் கொண்டுவருகிற தன்னார்வலர் அக்கா. எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். பட்டியல் தருவீர்களா என்று எங்கள் பையன் ஒருவன் கேட்டுவிட்டான். "அது தரக்கூடாதுப்பா, நானே போய் சொல்றேன்" என்றார், அதுதான் சரியும்கூட. சுகர் இருப்பவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வரும், அதைவிட முக்கியம், கண்ணின் உள்திரை வலியில்லாமல் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும், தெரியும்போது தாமதமாகிவிடும். இதை அந்த அக்கா மாத்திரை கொடுக்கும்போதே ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். எங்கள் மைக்கைவிட அது நூறு மடங்கு.

எட்டாவது ஆள்தான் நாங்கள் எதிர்பார்க்காதது. முதல் முகாமில் ஆறு பேருக்குக் கண்புரை என்று சொன்னார்கள், இரண்டு நாள் கழித்து ஏழு மணிக்கு வேன் வந்தபோது ஏறியது ஒருவர் மட்டும். மற்ற ஐந்து பேரின் வீட்டில் நோட்டில் கொடுத்திருந்தது மகன்களின் நம்பர், யாரும் எடுக்கவில்லை. ஏறிய அந்த ஒருவர் தெருவில் மீன் விற்கும் ஆயா. ஆபரேஷன் முடிந்து லென்ஸ் வைத்து மறுநாள் வந்தார், சில வாரம் சொட்டு மருந்து விட்டார், தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொண்டார், ஏப்ரலில் பழையபடி கூடையோடு உட்கார்ந்துவிட்டார். அவரிடம் போய்ப் பேச முடியுமா என்று கேட்டோம். "பேசறது இன்னா, காட்டறேன்" என்றார். தன்னிடம் மீன் வாங்க வருகிறவர்களிடம் இருபது ரூபாய் நோட்டையும் இருநூறு ரூபாய் நோட்டையும் ஒன்றாகப் பிடித்துக் காட்டினார். "இது ரெண்டும் எனக்கு ஒரே மாறிதான் தெரிஞ்சிது, எத்தினி நாளு ஏமாந்தனோ. இப்போ பாரு, இது பச்சையா கீது, இது மஞ்சளா கீது." இரண்டு நோட்டுமே மஞ்சள் கலந்த நிறம், கண்புரை வந்தவர்களுக்கு எல்லாமே பழுப்பாகத்தான் தெரியும். கையில் காசு புழங்குகிற பெண்களுக்கு இதைவிடப் புரிகிற மாதிரி எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது. மே மாதம் வந்த பெண்களில் பலர் நோட்டில் பெயர் எழுதும்போதே "ஆயா நோட்டு காட்டிச்சே" என்று சொன்னார்கள்.

அச்சடித்தது இந்த முறை பதினைந்தே தாள். ஒரு பக்கம் முழுக்க நாள், தேதி, வருஷம், நேரம், இடம், கட்டை விரல் அளவு எழுத்தில். படம் கிடையாது. வாட்ஸ்அப்பிலும் போட்டோம், "20.05.2025 செவ்வாய், அன்று மட்டும்" என்று. முகாம் முடிந்த மாலை "முடிந்துவிட்டது, இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்று அதே செய்திக்குக் கீழே எழுதினோம்.

காலை ஒன்பதரைக்கே டோக்கன் அறுபதைத் தாண்டிவிட்டது. மொத்தம் 118 பேர், அதில் எங்கள் நான்கு தெருக்காரர்கள் 83 பேர். மதியம் மூன்று மணிக்கு முடிக்க வேண்டியது நாலரை ஆனது, டாக்டர் அம்மா சாப்பிட்டது மூன்றேகாலுக்கு. நாற்காலி பத்தாமல் பந்தல்கார அண்ணன் இன்னும் இருபது கொண்டுவந்தார், அதற்கு வாடகை வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு வந்தவர்களில் 47 பேருக்குத் தேவைப்பட்டது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் வெறும் கண்ணாடி. வெள்ளெழுத்து நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வருவதுதான், நோய் இல்லை. ஆனால் வலை பின்னுகிறவருக்கு அது பிழைப்பையே தொடுகிற விஷயம், ஒரு கண்ணி விட்டுப்போனால் வலை அங்கே கிழியும். ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார், ரொம்ப நேரம். சிலருக்கு வெயிலும் உப்புக்காற்றும் பட்டு வெள்ளை விழியில் சதை வளர்ந்திருந்தது. வருஷக்கணக்காக மோட்டார் சைக்கிளில் போய்வந்த ஒருவருக்கு ஒரு கண் முக்கால்வாசி போயிருப்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

கண்புரை 19 பேருக்கு. மாத்திரையிலோ சொட்டு மருந்திலோ அது கரையாது, ஆபரேஷன் ஒன்றுதான் வழி. வேன் இந்த முறை வியாழக்கிழமை. முதல் முறை மாதிரி போன் நம்பரை நம்பவில்லை, புதன்கிழமை இரவு ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போனோம். 12 பேர் ஏறினார்கள். மீதி ஏழு பேரில் நான்கு பேருக்குச் சுகரோ பிபியோ அதிகம், அது இறங்காமல் கத்தி வைக்க மாட்டார்கள். இரண்டு பேருக்குத் துணைக்கு ஆளில்லை. ஒருவர் கடைசி நேரத்தில் பயந்துவிட்டார். துணைக்கு ஆளில்லாத இரண்டு பேரையும் ஜூன் முதல் வாரம் எங்கள் பசங்களே எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். 1819இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பெயர்மேல் ஒரு நம்பிக்கை, "எழும்பூரா, அப்ப வரேன்" என்று உடனே கிளம்பிவிட்டார்கள். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு இது எளிது, புது வண்ணாரப்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர், ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் பாதிகூட ஆகாது. சுகர் அதிகமான நான்கு பேரில் மூன்று பேருக்கு ஆகஸ்டுக்குள் ஆபரேஷன் முடிந்தது, அந்தத் தன்னார்வலர் அக்கா வாரா வாரம் அளந்து பார்த்ததால்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். செய்தி போன வழியிலும் ஓட்டை இருந்தது. எங்கள் நான்காவது தெருவில் கடைசி வரிசையில் வாடகைக்கு இருக்கிறவர்கள், வெளி மாநிலத்திலிருந்து வந்து ஐஸ் பிளான்ட்டிலும் படகு வேலையிலும் இருக்கிற குடும்பங்கள், அவர்களில் ஒருவர்கூட வரவில்லை. நாங்கள் பிடித்த ஆறு பேருக்கும் அந்த வீடுகளோடு பேச்சுவார்த்தை இல்லை. உறவைப் பிடித்துப் போகிற செய்தி, உறவு இல்லாத வாசலில் நின்றுவிடுகிறது. முதல் முகாமிலாவது பேனரைப் பார்த்து வழிப்போக்கர்கள் 22 பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் இந்த மாதிரித் தொழிலாளர்கள். அதனால் பேனரே வேண்டாம் என்று இப்போது நான் சொல்வதில்லை. அவர்கள் மொழி தெரிந்த ஒரு ஆளை ஐஸ் பிளான்ட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதே வழியை வேறு இரண்டு விஷயத்துக்கும் பயன்படுத்திப் பார்த்தோம். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு இருக்கிறது, வார்டுக்குள் பகுதி சபைக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2022இல் விதி வந்து, அந்த நவம்பர் 1இல் கூட்டங்கள் ஆரம்பித்தன. எங்கள் பகுதிக்கு நடந்த கூட்டத்துக்கு இதுவரை போனவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், காரணம் நடந்து முடிந்த பிறகே படம் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இந்த முறை தேதி தெரிந்ததும் டீக்கடையிலும் இட்லி அக்காவிடமும் சொன்னோம், இருபது பெண்கள் போய்ச் சாக்கடை விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்தார்கள். மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொண்டு போங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் கையில் எண்ணோடு பேசினார்கள். இரண்டாவது, மழைக்கு முன் நடந்த ஒரு ரத்ததான முகாம், அதற்கு இந்த வழி உதவவில்லை. ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் இளைஞர்கள், அவர்களுக்கு வாட்ஸ்அப்பே போதுமாக இருந்தது. யாருக்கு என்பதைப் பார்த்துத்தான் வழியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அடிபம்ப் பக்கத்துச் சுவரில் இப்போது ஒரு கரும்பலகை அடித்திருக்கிறோம். தண்ணீர் விடும் நாள், முகாம், ரேஷன் பொருள் வந்ததா என்று சாக்பீஸில் எழுதுவது பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். எழுதுவதோடு நிற்காமல், குடம் நிரம்பும் வரை வரிசையில் நிற்கிற ஆயாக்களுக்கு அதைச் சத்தமாகப் படித்தும் காட்டுகிறாள்.

கடைசி நேரத்தில் பயந்த அந்த ஒருவர், வலை பின்னுகிற தாத்தா, இன்னும் போகவில்லை. நோட்டு காட்டிய ஆயா வாரம் ஒரு முறை அவர் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துப் பேசிவிட்டுப் போகிறார். போன செவ்வாய் அவர் கேட்டாராம், "வலிக்குமா?" என்று. இத்தனை மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. வரும் செவ்வாய் நானும் ஆயாவோடு போகிறேன்.